பிழைத்த பிள்ளையிடம் நோயை மறைக்கலாமா?

(குழந்தைப் பருவப் புற்றுநோய் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்பு பேசிய சகோதரி, புற்றுநோய் கண்ட ஒரு பிள்ளையின் குடும்பம் சிகிச்சைக் காலத்தில் படும் பாட்டைச் சொன்னார். கிள்ளானிலிருந்து பொழுது விடியும் முன்பே புறப்பட்டு, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி, மருத்துவமனையில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்து, இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்பது வரை ஒன்றையும் அவர் விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பலர் கண்களைத் துடைத்துக்கொண்டதை நானும் பார்த்தேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு அதற்கு அடுத்த கட்டம். சிகிச்சை முடிந்துவிட்டது. கொட்டிய முடி மீண்டும் வளர்ந்துவிட்டது. பிள்ளை பள்ளிக்குத் திரும்பி, எஸ்.பி.எம். தேர்வும் எழுதி, வேலைக்கும் போய்விட்டான். பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள், சிலருக்கு முப்பது ஆண்டுகள் கூட ஓடிவிட்டன. அப்போது அதே பிள்ளைக்கு இன்னொரு புற்றுநோய் வருவதுண்டு. மருத்துவத்தில் இதனை இரண்டாவது புற்றுநோய் என்கிறோம்.

கசப்பான செய்திதான். போராடிப் பிழைத்த பிள்ளையைப் பற்றி வாயைத் திறந்து இப்படிப் பேசலாமா என்று சில பெரியவர்கள் நினைக்கக்கூடும். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாத காரணத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பைத் தவற விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பேசத்தான் வேண்டும்.

திரும்பி வந்த நோய் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்மவர்கள் பொதுவாக, "பழைய நோய் திரும்பவும் வந்துவிட்டது" என்று சொல்வார்கள். இரத்தப் புற்றுநோய் குணமான பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகளில் அதே இரத்தப் புற்றுநோய் மறுபடியும் தலைகாட்டினால் அது திரும்பி வந்த நோய். முழுவதும் அழியாமல் எங்கோ ஒளிந்திருந்த பழைய செல்கள் மீண்டும் பெருகிவிட்டன என்று பொருள்.

இரண்டாவது புற்றுநோய் அப்படிப்பட்டதன்று. ஐந்து வயதில் மூளைக்குக் கதிர்வீச்சு பெற்ற பிள்ளைக்கு முப்பது வயதில் மூளையின் உறையில் கட்டி வருகிறது. பதினான்கு வயதில் நெஞ்சுப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பழைய நோய்க்கும் இதற்கும் செல் அளவில் எந்த உறவும் இல்லை. இது புதிதாகப் பிறந்த நோய். ஆகவே இதற்கான சிகிச்சையும் வேறு, குணமாகும் வாய்ப்பும் வேறு. இரண்டாவது என்று சொன்னதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று கைகழுவிவிடத் தேவையில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் இவற்றில் பலவற்றைக் குணப்படுத்தலாம்.

காப்பாற்றிய மருந்தே காரணமா?

பல வேளைகளில் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும்.

1960-களில் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடத் தேறவில்லை. இன்று வசதியுள்ள நாடுகளில் ஏறக்குறைய தொண்ணூறு பேர் தேறுகிறார்கள். இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய குழு தயாரித்துக் கொடுத்த மருந்தைத்தான் பாஸ்டன் நகரின் டாக்டர் சிட்னி பார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் சிறிது காலமாவது பின்வாங்கியது என்று 1948-ல் அவர் வெளியிட்டார். அதற்கு முன் பெற்றோரிடம் சொல்வதற்கு மருத்துவரிடம் எதுவுமே இருந்ததில்லை. அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார். அவருக்கு நாம் போதிய மரியாதை செய்யவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம். அது இருக்கட்டும்.

புற்றுநோய் மருந்துகளும் கதிர்வீச்சும் எப்படி வேலை செய்கின்றன? வேகமாகப் பெருகும் செல்லின் மரபணுவை உடைத்து அதைச் சாகடிக்கின்றன. கெட்ட செல் எது, நல்ல செல் எது என்று முழுமையாகப் பிரித்துப் பார்க்க அவற்றால் இயலாது. பக்கத்தில் உள்ள நல்ல செல்லும் அடி வாங்குகிறது. பெரும்பாலான நல்ல செல்கள் தங்களைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்கின்றன. எங்கோ ஒன்று சரியாகப் பழுது பார்க்காமல், சாகவும் செய்யாமல், அந்த உடைசலோடு வாழ்ந்துகொண்டிருக்கும். அந்த ஒன்று பல ஆண்டுகள் கழித்துத் தறிகெட்டுப் பெருகத் தொடங்கலாம். வளரும் பிள்ளையின் உடலில் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. பிள்ளைக்கு முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. பெரியவர்களை விடக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கதிர்வீச்சின் நீண்ட கைக்கு ஒரு சான்று சொல்கிறேன். இது புற்றுநோய்ச் சிகிச்சை பற்றியது கூட இல்லை. 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தலையில் படர்தாமரை இருந்தது. அதைப் போக்க ஏறத்தாழ பதினோராயிரம் பிள்ளைகளின் தலைக்கு எக்ஸ்ரே கதிர் செலுத்தினார்கள். அந்தக் காலத்தில் அது அங்கீகரிக்கப்பட்ட வைத்தியம். பிறகு பல்லாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், கதிர் பெறாதவர்களை விட அவர்களுக்கு மூளை உறைக் கட்டி ஏறக்குறைய ஒன்பதரை மடங்கு அதிகம் என்று 1988-ல் எழுதினார்கள். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியிலும் புற்றுநோய் கூடியிருந்தது. அவர்கள் தலையில் பட்டது புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில் ஒரு சிறு பங்குதான்!

மருந்துகளின் கணக்கு வேறு. எட்டோபோசைட் போன்ற சில மருந்துகள் காரணமாக வரும் இரண்டாவது இரத்தப் புற்றுநோய் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிடும். சைக்ளோபாஸ்பமைட் வகை மருந்துகளால் வருவது பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் தெரியும். கதிர்வீச்சினால் வரும் கட்டிகளோ பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும், அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். "ஐந்து வருடம் தாண்டிவிட்டது, இனி பயமில்லை" என்று நாம் சொல்லும் ஆறுதல் முதல் நோய்க்குத்தான் பொருந்தும். இரண்டாவதற்குப் பொருந்தாது.

எத்தனை பேருக்கு வருகிறது?

பயமுறுத்துவது என் நோக்கமில்லை என்பதால் எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 26 மருத்துவமனைகளில் 1970 முதல் 1986 வரை சிகிச்சை பெற்று, ஐந்தாண்டுகளைக் கடந்து பிழைத்த 14,359 பேரை ஓர் ஆய்வு தொடர்ந்து கவனித்து வருகிறது. 2010-ல் வெளியான அதன் அறிக்கைப்படி, முப்பது ஆண்டுகளில் இவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இன்னொரு புற்றுநோய் வந்திருந்தது. எளிதில் குணமாகும் தோல் புற்றுநோய்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நூற்றுக்கு எட்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது வரவேயில்லை. அதே நேரத்தில் எட்டு என்பது அலட்சியம் செய்யக்கூடிய எண்ணும் இல்லை. அந்த எட்டும் எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்பட்டதில்லை. மருந்து மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அதிகம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக உடல் முழுவதும் கதிர் பெற்றவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987-ல் நடந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்போது நாற்பது வயதை எட்டிய, தாண்டிய பெரியவர்கள். இது ஏதோ அமெரிக்காக்காரர்களின் பிரச்சினை என்று நாம் இருந்துவிட முடியாது.

கண்ணில் தெரியும் வெள்ளை ஒளி

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடந்தவர்களுக்கு நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் நிற மேடு தெரிந்திருக்கும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. கைத்தடியோடு வருபவர்கள் அந்த மேட்டைத் தடவிப் பார்த்தே வழி கண்டுபிடிக்கிறார்கள். கண் இழந்தவர்களோடு பழகிய அந்த வட்டார மக்களுக்குக் கண் புற்றுநோய் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்ல விரும்புகிறேன்.

குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய்க்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். புகைப்படம் எடுக்கும்போது ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அல்லது இருட்டில் பூனைக் கண் போல மின்னினால், தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றிவிடலாம்.

இதில் பத்தில் நான்கு பிள்ளைகளுக்குக் கோளாறு உடலின் எல்லாச் செல்களிலும் பிறவியிலேயே இருக்கிறது. இரண்டு கண்களிலும் நோய் வந்தால் அந்த வகை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் சிலர் இதில் அடங்குவர். ஆல்பிரட் நட்சன் என்ற மருத்துவர் 1971-ல் இதற்கு விளக்கம் கொடுத்தார். ஒரு செல் புற்றாக மாற இரண்டு அடிகள் விழ வேண்டும். இந்தப் பிள்ளைகள் முதல் அடியோடு பிறக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஓர் அடி விழுந்தால் போதும். அந்த அடி கதிர்வீச்சாகவும் இருக்கலாம்.

அதனால்தான் கண் நோயிலிருந்து பிழைத்த பிள்ளைக்குப் பதின்ம வயதில் எலும்புப் புற்றுநோய் வருவதைப் பார்க்கிறோம். அமெரிக்காவில் இப்பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பிறவிக் கோளாறு உள்ளவர்களில் ஐம்பது ஆண்டுகளில் நூற்றுக்கு 36 பேருக்கு வேறொரு புற்றுநோய் வந்தது. இது தெரிந்த பிறகு 1990-களிலிருந்து கண்ணுக்கு வெளியிலிருந்து கதிர் செலுத்துவதை மருத்துவர்கள் கூடிய வரை தவிர்த்து, மருந்தும் லேசரும் குளிர் சிகிச்சையும் கொண்டு சமாளிக்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் வந்திருந்தால் தம்பி தங்கைகளின் கண்களையும் பிறந்த உடனேயே காட்டுங்கள். முழங்கால் பக்கத்தில் வலி, வீக்கம் என்று அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் சொன்னால், பந்து விளையாடியதால் வந்த சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். முன்பு என்ன நோய் இருந்தது என்று மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளின் நிலை

இனி நான் சொல்லப் போவதுதான் என் மனத்தில் பல காலமாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம்.

பெண் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் என்னிடம் தனியாக வந்து கேட்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. "டாக்டர், அவளுக்கு என்ன நோயின்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. இரத்தம் கொறைவுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா யாரு கட்டுவா?" இந்த வேண்டுகோளை நான் கேலி செய்யவில்லை. அந்தத் தாயின் பயம் உண்மையான பயம். நம் சமூகத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் எதையெல்லாம் விசாரிக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊசி போட்ட தழும்பைக் கூட அம்மை என்று சொல்லிச் சமாளித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சிகிச்சை பெறும்போது அந்தப் பிள்ளைக்கு வயது ஐந்தோ ஆறோ. நினைவு மங்கலாகத்தான் இருக்கும். கோப்பு அம்மாவின் அலமாரியில், புடவைக்கு அடியில். அம்மா ஒரு நாள் காலமாகிவிடுகிறார். அப்பாவுக்கு மருந்தின் பெயர் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயது, கணவன், ஒரு குழந்தை. தன் நெஞ்சில் கதிர்வீச்சு பட்டது என்பதே அவளுக்குத் தெரியாது. இவளை யார் எச்சரிப்பது?

நெஞ்சுப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற சிறுமிகளைப் பற்றி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் ஐம்பது வயதுக்குள் நூற்றுக்கு 35 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று அது கணக்கிட்டது. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-ல் தம் இரு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அவருக்கு இருந்தது பி.ஆர்.சி.ஏ.1 என்ற பரம்பரைக் கோளாறு. அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கும், சிறு வயதில் நெஞ்சில் கதிர் பட்டவர்களுக்கும் ஆபத்து ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. ஜோலியின் செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டது. இந்தப் பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இவர்கள் நாற்பது வயது வரை காத்திருக்கக் கூடாது. 25 வயதிலிருந்து, அல்லது கதிர்வீச்சு பெற்று எட்டு ஆண்டுகள் ஆன பிறகு, இரண்டில் எது பிந்தி வருகிறதோ அப்போதிருந்து, ஆண்டுதோறும் மெமோகிராமும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் நிபுணர்களின் வழிகாட்டி. நம் ஊரில் மெமோகிராம் எடுக்க வாருங்கள் என்ற அழைப்பெல்லாம் பொதுவாக நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத்தான். 27 வயதுப் பெண் தானாகப் போய் "எனக்கு இந்தப் பரிசோதனை வேண்டும்" என்று கேட்டால்தான் உண்டு. கேட்பதற்குத் தனக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

திருமணப் பயத்திற்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். இப்படிப் பிழைத்தவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஊனத்தோடு பிறப்பார்கள், அவர்களுக்கும் புற்றுநோய் வரும் என்ற பேச்சு உண்டு. நான் சொன்ன கண் புற்றுநோய் போன்ற பரம்பரை வகைகளைத் தவிர்த்துப் பார்த்தால், அதற்கு ஆதாரமில்லை. பெரிய ஆய்வுகளில் அவர்களின் குழந்தைகள் மற்ற குழந்தைகளைப் போலவே இருந்தார்கள். சில சிகிச்சைகளால் கருத்தரிப்பது சிரமமாகலாம் என்பது உண்மை. அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லதா, கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத் தெரிவது நல்லதா? மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். பெண்ணிடம் மறைப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை என்பது என் கருத்து. பதினெட்டு வயது வரை கூடக் காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கலாம். பிள்ளைகள் நாம் நினைப்பதை விடத் திடமானவர்கள்.

அப்படியானால் சிகிச்சை வேண்டாமா?

நெறியாளர் இந்தக் கேள்வியை எழுதி என் முன் நீட்டுகிறார். நல்ல கேள்வி. அரங்கிலும் ஒரு தாய், "நான்தானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன், அப்போ நானே காரணமா?" என்று கேட்டார். இல்லை அம்மா. அந்தச் சிகிச்சை இல்லாவிட்டால் இருபது ஆண்டுகள் கழித்து என்ன வரும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கப் பிள்ளை இருந்திருக்காது. இரண்டாவது புற்றுநோய் வரலாம் என்று பயந்து முதல் புற்றுநோய்க்கு மருத்துவமனைச் சிகிச்சையைத் தவிர்த்துவிட்டு, நாட்டு மருந்து, மந்திரித்த தண்ணீர் என்று போய்விடாதீர்கள். நான் இங்கே பேசியதை யாராவது அப்படி எடுத்துக்கொண்டால் எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கும்.

மருத்துவ உலகமும் சும்மா இருக்கவில்லை. தேவைக்கு மேல் கொடுக்காமல் குணப்படுத்துவது எப்படி என்று தேடிக்கொண்டே இருக்கிறது. இதில் நம் நாடு செய்த பங்கு பெருமைக்குரியது. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து 'மா-ஸ்போர்' என்ற பெயரில் ஒரு சிகிச்சை முறையை நடத்தின. சிங்கப்பூரில் டாக்டர் ஆலன் இயோ, இங்கே மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹானி அரிபின் ஆகியோர் அதில் முக்கியப் பங்காற்றினர். இரத்தப் புற்றுநோய் கண்ட 556 பிள்ளைகள் பங்கேற்றனர். முதல் கட்ட மருந்துக்குப் பிறகு எலும்பு மஜ்ஜையை எடுத்து, பத்தாயிரம் செல்களில் ஒரு நோய்ச் செல் மிச்சமிருந்தாலும் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை செய்தார்கள். நோய் நன்றாக அழிந்துவிட்ட பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த மருந்துகளைக் குறைத்தார்கள். நூற்றுக்கு 31 பேர் அப்படிக் குறைந்த சிகிச்சை பெற்ற பிரிவில் வந்தார்கள். மருந்தைக் குறைத்தும் அந்தப் பிரிவில் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நூற்றுக்கு 93 பேர் நோய் திரும்பாமல் நலமாக இருந்தனர். 2012-ல் இந்த முடிவு வெளிவந்தது. குறைவாகக் கொடுத்தே நன்றாகக் குணப்படுத்தலாம் என்று நம் பிள்ளைகளை வைத்தே நிரூபித்திருக்கிறார்கள்.

நான் முன்பு சொன்ன அமெரிக்க ஆய்விலும் இதையே பார்க்கிறோம். 1970-களில் நூற்றுக்கு 77 பிள்ளைகள் கதிர்வீச்சு பெற்றனர். 1990-களில் அது 33 ஆகக் குறைந்தது. பதினைந்து ஆண்டுகளில் இரண்டாவது புற்றுநோய் கண்டவர்களின் விகிதமும் நூற்றுக்கு 2.1-லிருந்து 1.3 ஆக இறங்கியது. ஆகவே இன்று சிகிச்சை தொடங்கும் பிள்ளையின் பெற்றோர், பழைய எண்களைப் பார்த்துக் கலங்கத் தேவையில்லை. கவலைப்பட்டுக் கவனிக்க வேண்டியவர்கள் பழைய முறையில் சிகிச்சை பெற்ற, இப்போது முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்கள்தான். துரதிர்ஷ்டவசமாக அவர்கள்தான் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

நேரம் குறைவாக இருப்பதால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிள்ளை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் சிகிச்சை பெற்றிருக்கலாம். கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை, செராசில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சுபாங் ஜெயாவில் உள்ள தனியார் மருத்துவமனை என்று வேறெங்கும் பெற்றிருக்கலாம். சென்னைக்கும் வேலூருக்கும் அழைத்துச் சென்றவர்களும் உண்டு. எங்கே பெற்றிருந்தாலும், சிகிச்சை முடிந்ததும் ஒரு சுருக்க அறிக்கை கேட்டு வாங்குங்கள். என்ன நோய், எந்தத் தேதியில் கண்டுபிடித்தது, என்னென்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு உண்டா, உடலின் எந்த இடத்தில், எத்தனை 'கிரே' அளவு, என்ன அறுவை சிகிச்சை, இவை அதில் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. பழைய கோப்புகள் காலம் காலமாக மருத்துவமனையில் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். முன்பே சிகிச்சை முடிந்தவர்கள் இந்த மாதமே போய்க் கேளுங்கள். பெற்றவுடன் கைப்பேசியில் படம் எடுத்துப் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

பிறகு, குழந்தைகள் பிரிவு ஒரு வயதுக்கு மேல் உங்கள் பிள்ளையைப் பார்க்காது. அப்போது "எல்லாம் சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடாமல், பெரியவர்கள் பிரிவில் யாரிடம் போவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள அரசாங்கக் கிளினிக் மருத்துவரோ, உங்கள் குடும்ப டாக்டரோ கூட அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எதைக் கவனிப்பது என்று புரிந்துகொள்வார். கழுத்தில் கதிர் பட்டவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை கழுத்தைத் தொட்டுப் பார்த்தல், வயிற்றில் பட்டவருக்கு முப்பது வயதிலிருந்தே பெருங்குடல் பரிசோதனை என்று ஒவ்வொருவருக்கும் தேவை வேறுபடும். எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் வேண்டியதில்லை. பயத்தில் ஆண்டுக்கு ஒரு முறை உடல் முழுக்க சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதிலும் கதிர்வீச்சு உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்!

மற்றவர்களை விட இவர்களுக்குப் புகையிலை இரட்டிப்புக் கேடு. சிகரெட் மட்டுமன்று, வெற்றிலை பாக்கோடு போடும் புகையிலையும்தான். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு வாய்ப்புண்ணோடு நெடுங்காலம் அவதிப்பட்டவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுதல். அவர்கள் வீட்டில் வெற்றிலைப் பெட்டியே வேண்டாம் என்பேன், பாட்டிமார்கள் மன்னிக்க வேண்டும். இரண்டு தடுப்பூசிகள் நம் நாட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லீரல் புற்றுநோயைத் தடுக்க உதவும் ஹெபடைடிஸ் பி ஊசி 1989 முதல் குழந்தைகளுக்கும், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2010 முதல் பள்ளி மாணவிகளுக்கும் போடப்பட்டு வருகிறது. நோய் காரணமாக உங்கள் பிள்ளைக்கு இவை விட்டுப்போயிருக்கலாம். எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாகத் தொலைபேசியில் வந்த கேள்வி. கிள்ளானிலிருந்து ஒரு நேயர், தம் மகனுக்கு இப்போது 31 வயது என்றும், மூன்று வயதில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றான் என்றும், காகிதம் எதுவும் கையில் இல்லை என்றும் சொல்கிறார். ஐயா, மகனுடைய பிறப்புச் சான்றிதழ் எண், அடையாள அட்டை எண், அன்றைய வார்டு பெயர், ஆண்டு இவற்றை எழுதிக்கொண்டு அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு நேரில் போங்கள். பழைய அப்பாயிண்ட்மெண்ட் கார்டு வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் தேடி எடுங்கள், அதில் பதிவு எண் இருக்கும். கோப்பு கிடைக்காவிட்டாலும், தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா என்பது உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ நினைவிருக்கும். தனி அறையில் பெரிய இயந்திரத்தின் கீழ் அசையாமல் படுக்க வைத்து, தினமும் சில நிமிடங்கள், சில வாரங்கள் நடந்திருக்கும். அந்த ஒரு செய்தியை எழுதி மகனிடம் கொடுத்தாலே பரிசோதிக்கும் மருத்துவருக்குப் பெரிய உதவி. மகனை உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.